தலைமையகம் டெல்லியில், கேள்விகள் எங்கிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு அமைப்புகளின் அதிகாரத்தைப் பரவலாக்குவது குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். அதிகம் பேசப்படாத இந்தப் பொருளைத் தமிழில் எழுத முன்வந்ததற்கு முதலில் நன்றி. உலக வங்கியின் முயற்சியால் உருவான குளோபல் டெவலப்மென்ட் நெட்வொர்க், சுருக்கமாக ஜி.டி.என்., தன் தலைமையகத்தை வாஷிங்டனிலிருந்து புதுடெல்லிக்கு மாற்றிக்கொண்டதையே பரவலாக்கத்துக்கு முன்மாதிரியாகக் கட்டுரை காட்டியிருந்தது. குடும்பங்களை மாதிரியாகத் தேர்ந்தெடுத்துத் தகவல் திரட்டும் ஆய்வுகளில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருபதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த இடத்தில்தான் எனக்கும் கட்டுரையாளருக்கும் கருத்து வேறுபடுகிறது. அலுவலகம் இடம்பெயர்வது ஒன்று. எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் உரிமை இடம்பெயர்வது வேறொன்று. முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்காமல் போவதுண்டு. முதலாவது நடக்காமலேயே இரண்டாவது நடந்ததும் உண்டு என்பதற்கு ஜி.டி.என். வரலாறே சாட்சி.

அந்த அமைப்பின் தொடக்க மாநாடு 1999 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் நடந்தது. 2001இல் அது வங்கியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது. சில ஆண்டுகள் கழித்து டெல்லிக்கு வந்தது. 2008இல் இந்தியா, இலங்கை, எகிப்து, செனகல் உள்ளிட்ட நாடுகள் ஏற்ற உடன்படிக்கையின் பேரில் பன்னாட்டு அமைப்பு என்ற தகுதியையும் பெற்றது. இவ்வளவையும் கட்டுரை சொல்லிவிட்டது. அது சொல்லாமல் விட்டது, ஜி.டி.என். பிறப்பதற்கு முன்பே, அந்தந்த வட்டாரத்து ஆய்வாளர்களை இணைக்கும் வட்டார வலையமைப்புகள் இருந்தன என்பதை. ஆப்பிரிக்கப் பொருளாதார ஆய்வுக் கூட்டமைப்பு 1988 முதல் நைரோபியில் இயங்கி வந்தது. அரபு நாடுகளுக்கும் ஈரான், துருக்கி ஆகியவற்றுக்குமான பொருளாதார ஆய்வு மன்றம் 1993இல் கெய்ரோவில் தொடங்கப்பட்டது. லத்தீன் அமெரிக்க, கரீபியப் பொருளாதாரச் சங்கம் 1992ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவுக்குப் பிராக் நகரில் ஒரு மையம் இருந்தது. இவற்றோடு தெற்காசியா, கிழக்காசியா ஆகியவற்றின் வலையமைப்புகளும் சேர்ந்தே ஜி.டி.என். என்ற குடை விரிக்கப்பட்டது.

உலக வங்கி தந்த மானியத்தில் ஒரு பகுதி இந்த வட்டார அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் அவை தத்தம் ஆய்வுப் போட்டிகளை நடத்தின. தலைப்பை அறிவிப்பது, வந்து சேரும் முன்மொழிவுகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பது, இடைக்கால அறிக்கையைக் கேட்டுத் திருத்தம் சொல்வது என்று பெரும்பாலான வேலை அந்தந்த வட்டாரத்திலேயே நடந்தது. தலைமையகம் வாஷிங்டனில் இருந்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். பரவலாக்கம் என்று ஒன்று உண்மையில் நடந்திருந்தால் அது இந்தப் போட்டிகளில் நடந்தது. டெல்லியில் மாட்டப்பட்ட பெயர்ப்பலகையில் அல்ல.

கேள்வியை எழுதும் உரிமைக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்பதை என் வேலையில் கண்ட ஒன்றைக் கொண்டு விளக்க அனுமதிக்க வேண்டும். பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடந்த வாழ்க்கைத்தர ஆய்வு அது. நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வினாநிரல் கடல் கடந்து தயாராகி எங்களிடம் வந்தது. அதன் முதல் பக்கத்தில், குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் வசிப்பவர்கள் என்று விளக்கம் இருந்தது. களத்துக்குப் போன இரண்டாம் நாள், அண்ணன் தம்பி மூவர் மனைவி மக்களோடு இருந்த ஒரு வீட்டில் எங்கள் கணக்கெடுப்பாளர் தடுமாறி நின்றார். வாசல் ஒன்று, முற்றம் ஒன்று, அடுப்பு மூன்று. மூத்தவரின் மனைவி சொன்னார்: “கூரை ஒண்ணுதாங்க, உலை மூணு. உப்பு வாங்கினாக்கூட எங்களுக்குள்ள கடன்தான்.” தனி உலை வைத்துவிட்டால் தனிக் குடும்பம் என்பது அந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பொதுச் சமையலறையில் உண்பவர்களையே ஒரு குடும்பமாகக் கொள்கிறது.

நான் அன்றிரவே அந்த நிறுவனத்தின் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: நாடுகளுக்கிடையே ஒப்பிட வேண்டியிருப்பதால் வினாநிரல் இறுதி செய்யப்பட்டுவிட்டது, மாற்ற இயலாது. ஆகவே பதின்மூன்று பேர் கொண்ட ஒரே குடும்பமாக அந்த வீட்டைப் பதிந்தோம். மூத்தவருக்கு இருந்த நிலம் படிவத்தில் இளையவருக்கும் சொத்தானது. இளையவர் தலைக்கு மேல் வாங்கியிருந்த கடன் பதின்மூன்று பேருக்கும் பங்கு போடப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாத தொகையாகச் சுருங்கியது. ஆய்வின் நோக்கம் வறுமையை அளப்பது. அந்த வீட்டில் இருந்த ஓர் ஏழைக் குடும்பத்தை நாங்களே எங்கள் கையால் அழித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம்.

தலைமையகத்தின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. நாட்டுக்கு நாடு விளக்கத்தை மாற்றிக்கொண்டால் ஒப்பீடு பாழாகும்தான். ஆனால், வினாநிரல் அச்சுக்குப் போகும் முன் லாகூரிலிருந்தும் காத்மாண்டுவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் களப்பணி அறிந்த ஆளுக்கு ஒருவரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்திருந்தால், கூரையா அடுப்பா என்ற பேச்சு முதல் அரைமணி நேரத்திலேயே எழுந்திருக்கும். இரண்டையும் பதிவு செய்ய ஒரே ஒரு கூடுதல் கேள்வி போதும் என்று முடிவாகியும் இருக்கும். ஒப்பீட்டுக்கும் கேடு வந்திருக்காது. வட்டார வலையமைப்பு என்பது என்னைப் பொறுத்தவரை அந்த மேசைதான். அது இல்லாதபோது, கணக்கெடுப்பாளர் முற்றத்தில் நின்று கண்டுபிடிக்கும் உண்மை ஒன்பது நாள் பயணம் செய்து ஒரு மறுப்போடு திரும்பி வருகிறது.

அந்த மேசையை நெடுங்காலம் நன்றாக நடத்திக் காட்டியது நைரோபிக் கூட்டமைப்பு என்பது என் கருத்து. 1980களில் கட்டமைப்புச் சீர்திருத்தம் என்ற பெயரில் பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் கடன் நிபந்தனைகளோடு வந்தபோது, பல ஆப்பிரிக்க நாடுகளின் நிதி அமைச்சகங்களில் எதிர்க்கேள்வி கேட்கப் பயிற்சி பெற்ற பொருளாதார வல்லுநர்கள் மிகச் சிலரே இருந்தனர். அந்தக் குறையைப் போக்க எழுந்த கூட்டமைப்பு, ஆண்டுக்கு இருமுறை ஆய்வுப் பட்டறை நடத்துவதை வழக்கமாக்கிக்கொண்டது. ஓர் இளம் விரிவுரையாளர் முதலில் தன் முன்மொழிவோடு வருவார். கேள்விகளால் துளைக்கப்பட்டுத் திரும்புவார். அடுத்த பட்டறைகளில் பாதி முடித்த ஆய்வோடும், பிறகு இறுதி அறிக்கையோடும் வருவார். வெளிநாட்டு வல்லுநர்களும் அங்கே அமர்ந்திருப்பார்கள். ஆனால் வழிகாட்டும் வேலைக்காக அழைக்கப்பட்டவர்களாக. பணம் தருபவர்களுக்கு நிர்வாகக் குழுவில் இடம் உண்டு. ஆய்வின் உள்ளடக்கத்தைக் கவனிப்பதோ கல்வியாளர்கள் கொண்ட திட்டக் குழு. பணப்பையும் பேனாவும் வெவ்வேறு கைகளில் இருக்கும்படி செய்த இந்த ஒரே ஏற்பாட்டுக்காகவே அந்தக் கூட்டமைப்பின் விதிகளைப் படித்துப் பார்க்கலாம்.

1993இல் அது தொடங்கிய கூட்டு முதுகலைத் திட்டமும் கவனிக்கத்தக்கது. எல்லாச் சிறப்புப் பாடங்களுக்கும் ஆசிரியர்களை வைத்துக்கொள்ள எந்த ஒரு பல்கலைக்கழகத்தாலும் முடியவில்லை. எனவே அடிப்படைப் பாடங்களைத் தத்தம் பல்கலைக்கழகத்தில் முடித்த மாணவர்கள் விருப்பப் பாடங்களுக்கு மட்டும் நைரோபியில் ஒன்றுகூடிப் படித்தார்கள். இப்படி ஒன்றாகப் படித்தவர்கள் பின்னாளில் வெவ்வேறு நாடுகளின் மத்திய வங்கிகளிலும் அமைச்சகங்களிலும் உட்காரும்போது, தொலைபேசியில் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொள்ளும் உறவு ஏற்கெனவே இருக்கும். 1990களில் கூட்டமைப்பை வழிநடத்திய பென்னோ நுடுலு 2008 முதல் 2018 வரை டான்சானிய மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தார். ஆய்வின் பயன் அறிக்கைகளின் எண்ணிக்கையில்தான் தெரியும் என்று நினைப்பவர்கள் இத்தகைய விளைவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்தக் கூட்டமைப்பு ஒரே வகைப் பொருளாதாரச் சிந்தனைக்குள் அடைபட்டுவிட்டது என்ற விமர்சனமும் நெடுநாளாக உண்டு, அதில் உண்மையும் உண்டு. அதனால்தான் 1973 முதல் செனகலின் டக்காரில் இயங்கும் கோடெஸ்ரியா என்ற சமூக அறிவியல் ஆய்வு மன்றம் போன்ற இன்னொரு குரலும் ஆப்பிரிக்காவுக்குத் தேவைப்பட்டது. ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு, போர்ச்சுகீசியம் ஆகிய நான்கு மொழிகளில் செயல்படும் அமைப்பு அது. ஒரு வட்டாரத்துக்கு ஒரே வலையமைப்பு போதும் என்று மேலிருந்து முடிவு செய்வதும் ஒருவகை மையப்படுத்தலே.

கட்டுரையாளர் கிளை அலுவலகத்தையும் வலையமைப்பையும் ஒன்றாகவே எண்ணி எழுதியிருக்கிறார். கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் 1970இல் அந்நாட்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கப்பட்டபோது, 21 பேர் கொண்ட ஆளுநர் குழுவில் 10 இடங்கள் வரை கனடியர் அல்லாதவர்களுக்குக் கிடைக்க வழி செய்யப்பட்டிருந்தது. அக்காலத்தில் அது துணிச்சலான ஏற்பாடு. உலகின் பல வட்டாரங்களில் அது கிளைகளையும் திறந்தது. ஆனால் சிங்கப்பூரில் இருந்த கிளை பின்னாளில் மூடப்பட்டது. அந்த முடிவு எடுக்கப்பட்டது மையத்தின் தலைமையகம் உள்ள ஒட்டாவாவில். கிளை எவ்வளவு நன்றாக நடந்தாலும் அதன் ஆயுள் தலைமையகத்தின் ஒரு கடிதத்தில் இருக்கிறது. மாறாக, அதே கனடிய மையம் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார ஆய்வாளர்களுக்காக 1980களில் ஆதரித்த ஒரு சிறு குழுதான் நைரோபிக் கூட்டமைப்பாக வளர்ந்து, பல கொடையாளர்களைச் சேர்த்துக்கொண்டு, தனக்கென ஒரு சட்டத்தகுதியோடு இன்றும் நிற்கிறது. அதை மூடுமாறு ஒட்டாவா கடிதம் எழுத முடியாது. அந்த மையத்தின் ஆகச் சிறந்த பரவலாக்கம் அதன் கைவிட்டுப் போன குழந்தைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பிரிட்டன் 2021இல் தன் வெளிநாட்டு உதவித்தொகையை நாட்டு வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தபோது, ஒப்பந்தம் கையெழுத்தாகி நடந்துகொண்டிருந்த ஆய்வுகளுக்கே நிதி பாதியில் வெட்டப்பட்டது. 2025 பிப்ரவரியில், 1984 முதல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வுகளுக்குத் துணைநின்ற திட்டத்தை அமெரிக்க அரசு நிறுத்தியது. குழந்தை இறப்பு விகிதத்தை அறிய அந்த ஆய்வை விட்டால் வேறு வழியில்லாத நாடுகள் பல. இந்தியாவில் தேசியக் குடும்ப நல ஆய்வை 1992-93இல் நடந்த முதல் சுற்றிலிருந்தே மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்தி வருவதால் நமக்கு அந்த அதிர்ச்சி எட்டவில்லை. செய்யத் தெரிந்தவர்களும் செய்யும் நிறுவனமும் இங்கேயே இருந்ததுதான் காரணம்.

ஆனால் வட்டார வலையமைப்பு என்று பெயர் வைத்துவிட்டாலே இந்தப் பாதுகாப்பு வந்துவிடாது. கொடையாளர்கள் இப்போதெல்லாம் திட்டத்துக்குத் திட்டம் பணம் தருகிறார்கள். அமைப்பு உயிரோடு இருப்பதற்கான அடிப்படை நிதியைத் தர யாரும் விரும்புவதில்லை. செயலகத்தின் வாடகை, கணக்காளரின் சம்பளம், நூலகம் ஆகியவற்றை எந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது? இவற்றையாவது மறைமுகச் செலவு என்று ஒரு சிறு சதவீதத்துக்குள் அடக்கிவிடலாம். தோற்றுப்போன முன்மொழிவை எழுதியவரைத் திரும்ப அழைத்து, பக்கத்தில் உட்கார வைத்து, மறுபடி எழுதப் பழக்குவதற்கு ஆகும் செலவு எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வராது. வட்டாரத்தில் ஆய்வுத் திறன் வளர்வது அந்தச் செலவில்தான். (பேருந்தே போகாத ஊருக்குப் போய்வந்த பயணத்துக்கு அச்சிட்ட ரசீது கேட்கும் தணிக்கையாளர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.) அடிப்படை நிதி நின்றுவிட்ட வலையமைப்பு, மாநாட்டுக்கு அழைப்பிதழ் அனுப்பும் முகவரிப் பட்டியலாகச் சுருங்கிவிடும்.

வட்டாரத்துக்குள்ளேயே ஒரு மையம் உருவாவதையும் சொல்லியாக வேண்டும். தெற்காசியாவை எடுத்துக்கொண்டால் டெல்லி, இஸ்லாமாபாத், டாக்கா, கொழும்பு ஆகிய நகரங்களில் நிலைபெற்ற நிறுவனங்களுக்கே போட்டி அறிவிப்பு முதலில் எட்டுகிறது. நல்ல ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுத ஆள் இருப்பதும் அங்கேதான். மாவட்டத் தலைநகரிலுள்ள அரசுக் கல்லூரியில் பதினைந்து ஆண்டுகளாக ஒரே ஆற்றுப் பாசனத்தைக் கவனித்து வரும் பேராசிரியருக்கு வாஷிங்டன் எவ்வளவு தூரமோ டெல்லியும் அவ்வளவு தூரம். தேர்வுக் குழுவில் அமர்பவர்களும் விண்ணப்பிப்பவர்களும் ஒருவரையொருவர் நன்கு அறிந்த சிறு வட்டமாக இருப்பது, உலக அளவிலான போட்டியைவிட வட்டாரப் போட்டியில் எளிதாக நடந்துவிடுகிறது. தெரியாதவர் அநியாயம் செய்வதைவிடத் தெரிந்தவர் சலுகை காட்டுவதைத் தட்டிக்கேட்பது கடினம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நம் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2014இல் காத்மாண்டுவில் கூடிய பிறகு சார்க் உச்சி மாநாடு நடக்கவே இல்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது கைவிடப்பட்டது. இந்திய ஆய்வாளருக்குப் பாகிஸ்தான் விசாவும் பாகிஸ்தான் ஆய்வாளருக்கு இந்திய விசாவும் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருநாட்டவரும் ஒரே அறையில் அமர்ந்து பேச மூன்றாம் நாட்டுக்குத்தான் போக வேண்டும். தலைமையகம் டெல்லியில் இருப்பது பெருமைதான். ஆனால் தெற்காசிய ஆய்வாளர்கள் அனைவரும் அங்கே வந்துவிட முடியாது என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வட்டார வலையமைப்பின் செயலகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு மாறுவதும், பட்டறைகளைக் கொழும்பிலோ காத்மாண்டுவிலோ வைப்பதும் இங்கே சடங்கு அல்ல. கூட்டம் கூடுவதற்கே அதுதான் வழி.

ஜி.டி.என். உடன்படிக்கையில் இந்தியா உறுப்பு நாடு. தலைமையகத்துக்கு இடம் தந்த நாடும்கூட. எனவே சில தகவல்களைக் கேட்டுப் பெறும் உரிமை நம் அரசுக்கு உண்டு, அதை எழுதும் கடமை நாளிதழ்களுக்கு உண்டு. ஓராண்டில் செலவான ஆய்வு நிதியில், எதை ஆராய்வது என்பதை வட்டார அமைப்புகளே முடிவு செய்து செலவிட்ட பகுதி எவ்வளவு? மேலிருந்து வந்த தலைப்புக்குத் தரவு திரட்டித் தந்ததற்காகக் கொடுக்கப்பட்ட பகுதி எவ்வளவு? தேர்வானவர்களில் தலைநகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர்? ஆய்வு முடிவுகள் ஆங்கிலம் தவிர வேறு மொழியில், ஆய்வுக்கு உட்பட்டவர்கள் படிக்கக்கூடிய வடிவில், எத்தனை வெளிவந்தன? இவற்றுக்கான எண்களைக் கட்டுரையாளர் டெல்லிச் செயலகத்திடம் கேட்டு வாங்கி, அடுத்த கட்டுரையில் தமிழ் வாசகர்களுக்குத் தருவாரானால், என் மறுப்பில் எவ்வளவை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்பதையும் அப்போது எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஒருவர்